செம்மர வழக்கில் பெண் எங்கே இருக்கிறாள்? பன்னாட்டுக் குற்றத்தடுப்புப் பணிக்குப் போக வழி கேட்கிறேன்

நகரி மலைக்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நகரிக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளர் ஊரில் பிறந்தவள் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. சட்டம் படித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாகச் சித்தூரில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். எங்களிடம் வரும் வழக்குக் கட்டுகளில் பாதி செம்மர வழக்குகள், அதாவது ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டிக் கடத்தியதாகப் போடப்படுபவை.

பிடிபடுகிறவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். அவர்களைத் தேடி மனைவிமார் வருகிறார்கள். போளூரில் பஸ் ஏறி, வேலூரில் மாறி, சித்தூரில் வந்து இறங்கும்போது கையில் ஒரு ஆதார் நகலும் கல்யாணப் போட்டோவும் இருக்கும். ரிமாண்டு காகிதம் முழுக்கத் தெலுங்கு. அதைத் தமிழில் படித்துச் சொல்வது என் வேலையாகிவிட்டது. யாரும் கொடுத்த வேலை இல்லை, இரண்டு மொழியும் தெரிந்ததால் என்னிடம் வந்து சேர்ந்தது.

சென்ற மாதம் வந்த ஒரு பெண், கணவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று தெரியாமல் மூன்று ஊர் அலைந்திருந்தாள். நான் விசாரித்துச் சொன்னதும் ஜாமீனைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "அவர் வாங்கிய அட்வான்சை யாரம்மா கட்டுவது? மேஸ்திரி தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறானே." அந்தத் திண்ணையைப் பற்றி எங்கள் கட்டில் ஒரு வரி கிடையாது.

அன்று முதல் எனக்கு ஓர் ஆசை. எல்லை தாண்டும் குற்றங்களைத் தடுக்கும் பன்னாட்டு அமைப்புகளில், பெண்களின் நிலையை முன்வைத்து வேலை செய்ய வேண்டும். வீட்டிலும் கோர்ட்டிலும் சொன்னால், "செம்மரத்துக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? கைதானவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்தானே" என்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என்ன படிக்க வேண்டும்? எங்கே தொடங்க வேண்டும்? நான் வராண்டாவில் செய்கிற இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு அங்கே ஏதாவது மதிப்பு உண்டா?

சத்தியவேடு

தங்கச்சி, மனத்தில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். மரம் வெட்டியவன் குற்றவாளி. அவனுக்குச் சட்டம் இருக்கிறது. இதில் ஆண் பெண் என்று பிரித்துப் பார்ப்பது நிதி வாங்குவதற்காக உண்டாக்கப்பட்ட சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. உலகத்தில் கொலையாகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுக்காக யாராவது தனிப் பிரிவு வைத்திருக்கிறார்களா?

தானூபுக் கரை

ஐ.நா. சார்ந்த அலுவலகங்களில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிறந்தது புத்தூரில். அதனால் இந்த இழையைக் கடந்து போக முடியவில்லை.

முதலில் சத்தியவேடு அண்ணாவுக்கு. நீங்கள் சொன்ன கணக்கு சரி. உலகில் கொலையாகிறவர்களில் சுமார் 80 விழுக்காடு ஆண்கள். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் வெளியிடும் அறிக்கைகளே அதைச் சொல்கின்றன. அதே அறிக்கைகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023-இல் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர். அவர்களில் 51,100 பேரைக் கொன்றவர் கணவரோ துணைவரோ குடும்பத்தாரோதான். நூற்றுக்கு அறுபது. கொலையாகும் ஆண்களில் அப்படி வீட்டாரால் கொல்லப்படுகிறவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான். ஆணுக்குத் தெருவில் ஆபத்து, பெண்ணுக்கு வீட்டில் ஆபத்து. தெருவிளக்குப் போட்டுவிட்டுக் குற்றத்தைத் தடுத்துவிட்டோம் என்று எழுதினால் அந்த 51,100 பேருக்கு அதனால் என்ன பயன்? பாலினத்தை வைத்துப் பார்ப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஆண்களை விட்டுவிடுவது என்று அதற்குப் பொருளில்லை.

இனி நகரித் தங்கைக்கு. எங்கள் துறையின் அடிப்படை ஆவணம், 2000-இல் பலெர்மோ நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உடன்படிக்கை. நாடு கடந்த அமைப்புரீதியான குற்றங்களுக்கு எதிரானது. அதோடு சேர்ந்த ஆள்கடத்தல் நெறிமுறை 2003 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2011-இல் உறுதி செய்தது. ஆள்கடத்தல் என்றால் என்ன என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. செயல், வழிமுறை, நோக்கம் என்று மூன்றும் சேர வேண்டும். ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவருடைய கையறுநிலையைப் பயன்படுத்தியோ அழைத்துப் போனால், அவர் "சரி" என்று சொன்னது கணக்கில் வராது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் வழிமுறையைக்கூட நிரூபிக்கத் தேவையில்லை. நம் நாட்டில் 2013-இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 370-ஆம் பிரிவும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவும் இந்த வரையறையை ஒட்டியவை. இவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் மலைக்காரர்களின் கட்டை எடுத்து, மேஸ்திரி கொடுத்த அட்வான்சை அந்த மூன்றோடும் ஒட்டிப் பாருங்கள். எல்லா வழக்கும் பொருந்தாது. சில பொருந்தும். பொருந்துகிற இடத்தில் உங்கள் கட்சிக்காரர் குற்றவாளியா, ஏமாற்றி அழைத்து வரப்பட்டவரா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய சாட்சி பெரும்பாலும் திண்ணைக்கு உள்ளே நின்றுகொண்டிருந்த மனைவிதான்.

வேலைக்கு வரும் வழியை நாளை எழுதுகிறேன். இங்கே நள்ளிரவு ஆகிவிட்டது.

ஜவ்வாது தேன்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் தூங்க முடியாது.

எங்கள் மலையில் சாமை அறுத்து முடிந்ததும் கையில் காசு இருக்காது. புளி, கடுக்காய், தேன் எல்லாம் பருவத்துக்குத்தான். அந்த நேரம் பார்த்து ஏஜெண்டு வருவான். "மரம் வெட்டும் வேலை, கேரளாவில், மூன்று நாள்" என்பான். ஆந்திராவில் செம்மரம் வளரும் சேஷாசலம் காடு என்று சொல்லமாட்டான். பணத்தை ஆண் கையில் கொடுப்பதும் உண்டு, பெண் கையில் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. பெண் கையில் கொடுத்தால் ஆண் பின்வாங்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதிக்குப் பக்கத்துக் காட்டில் இருபது பேர் ஆந்திர அதிரடிப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களும் தர்மபுரி, சேலம் பக்கத்துக்காரர்களும். தப்பி வந்தவர்களில் ஒருவர் சொன்னது செய்தித்தாள்களில் வந்தது. பஸ்ஸில் ஒரு பெண் பயணியின் அருகே உட்கார்ந்திருந்ததால் அவளுடைய கணவன் என்று நினைத்துப் போலீசார் தன்னை விட்டுவிட்டார்கள் என்றார். அந்தச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் அவன் குடும்பக்காரன், தனியாக இருந்தால் திருடன்.

செத்தவர்களின் வீடுகளை விடுங்கள். உயிரோடு சிறையில் இருப்பவர்களின் வீடுகளில் என்ன நடக்கிறது? மூத்த பெண் பள்ளிக்கு வருவதை நிறுத்துகிறாள். அம்மா கூலிக்குப் போக வேண்டும், தம்பியை யார் பார்ப்பது? அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். என் வருகைப் பதிவேட்டை எடுத்தால், எந்த வீட்டில் அப்பா ஆந்திராவில் மாட்டிக்கொண்டார் என்று பெண் குழந்தைகளின் பெயருக்கு எதிரே உள்ள வெற்றுக் கட்டங்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

நகரி மலைக்காரி

ஐயா, அந்தப் பதிவேட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் சீனியருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கோர்ட்டு வராண்டா

முப்பது வருடமாகச் சித்தூர் பக்கம் வக்காலத்துப் போடுகிறேன். தொழில்ரீதியாக இரண்டு விஷயம்.

ஒன்று ஜாமீன்தாரர். மலையிலிருந்து வருகிறவனுக்கு ஆந்திராவில் யார் ஜாமீன் நிற்பார்கள்? உள்ளூர் ஆள் வேண்டும் என்று கேட்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இதற்கு 1978-இலேயே உச்ச நீதிமன்றம் மோதிராம் வழக்கில் வழி சொல்லிவிட்டது. ஒரு கொத்தனார், பத்தாயிரம் ரூபாய் ஜாமீன், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்க மறுத்தார். நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்தார். இந்தியன் இந்தியாவுக்குள் எங்கேயும் அன்னியன் ஆகமாட்டான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பாலக்காட்டில், நம்மைப் போல் எல்லை ஊரில் பிறந்தவர் அவர். மொழி மாறும் இடத்தில் வளர்ந்தவருக்குத்தான் அது சட்டென்று உறைக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஜாமீன் மனுவில் அந்தத் தீர்ப்பைச் சேர்க்காமல் விடாதே அம்மா.

இரண்டு, 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்ணுக்கும் உண்டு, பழங்குடியினருக்கும் உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. அந்த மனைவி தன் பெயரிலேயே மனுக் கொடுக்கலாம், மேஸ்திரியின் மிரட்டலுக்கு எதிராகவும் கொடுக்கலாம். இதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கையில் கொடு.

பழைய காக்கி

தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். திருவள்ளூர் பக்கம், ஆந்திர எல்லையில் பல வருடம்.

பெண் போலீஸ் நிலையம் என்றால் எல்லோரும் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்ததைச் சொல்வார்கள். அதற்கு முன்பே 1973-இல் கோழிக்கோட்டில் திறந்துவிட்டார்கள், இந்திரா காந்தி திறந்து வைத்தார். பெயர்ப்பலகை பழையதுதான். நான் பார்த்த நடப்பு வேறு. காணாமல் போன பெண்ணைப் பற்றிப் புகார் கொடுக்க வந்த தாயை, "அந்தப் பக்கம் நடந்தது, அங்கே போ" என்று இந்தப் பக்கமும், "பெண் உங்கள் ஊர்க்காரி, அங்கேயே கொடு" என்று அந்தப் பக்கமும் அனுப்பினார்கள். இரண்டு நாள் போனது. கடத்துகிறவனுக்கு அந்த இரண்டு நாள் போதும். இப்போது 2024 ஜூலை முதல், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று சட்டப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173. எல்லையில் இருக்கிற பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பணிக்கு வந்த புதிதில் ஒரு விடுதியில் சோதனை போட்டு நான்கு பெண்களை "மீட்டோம்". நான்தான் வேனில் ஏற்றினேன். அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, என் பையன் நாலு மணிக்குப் பள்ளி விட்டு வருவான், கதவை யார் திறப்பது?" என்று கேட்டாள். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், ஏறு" என்றேன். அவளைக் காப்பகத்தில் சேர்த்தோம், பல மாதம் வெளியே விடவில்லை. அந்தப் பையனை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்தக் கதவு இன்றும் எனக்குள் மூடிக்கொண்டே இருக்கிறது. நீ எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும், மகளே, மீட்கிறவர்களின் பக்கம் நின்று மட்டும் பார்க்காதே.

தானூபுக் கரை

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஐ.நா. பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்ற பாங்காக் விதிகள் என்று 70 விதிகள் உண்டு, சிறையில் இருக்கும் பெண்களுக்காக. அதன் இரண்டாம் விதி, உள்ளே வருவதற்கு முன்போ வரும்போதோ குழந்தைகளுக்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ள அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பெண் உங்களிடம் கேட்ட கேள்வியை இன்று உலகமே விதியாக எழுதி வைத்திருக்கிறது. நடப்பில் வருவதற்கு இன்னும் பல வருடம் ஆகும்.

வேலைக்கான வழி. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன் தங்கை.

குற்றவியலிலோ மனித உரிமைச் சட்டத்திலோ முதுகலை வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மனோன்மணியம் சுந்தரனாரிலும் குற்றவியல் துறை இருக்கிறது, வெளிநாட்டுக்குக் கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் தலைமையகம் இருக்கும் வியன்னாவில் ஆறு மாதம் சொந்தக் காசில் தங்க நம் வீடுகளால் முடியாது, அதற்காக வருந்தவும் வேண்டாம். பி-2 என்ற தொடக்க நிலைப் பதவிக்கே முதுகலையோடு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இருக்கிறது, அதில் வாழ்க்கைச் செலவுக்குப் படி உண்டு. அதே அலுவலகத்தின் தெற்காசிய மண்டலக் கிளை டெல்லியில் இருக்கிறது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கு, திட்டத்துக்குப் பணம் இருக்கும்வரைதான். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி யாராவது இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐ.நா. வேலைக்கு எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது மோசடி.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வராண்டா வேலைக்கு மதிப்பு உண்டு, ஆனால் காகிதமாக இருந்தால்தான். சீனியரிடம் என்ன செய்தீர்கள் என்று விரிவாக எழுதிய அனுபவச் சான்று வாங்குங்கள். சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கறிஞர் பட்டியலில் சேருங்கள். சந்திக்கிற ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் குறிப்பு எழுதுங்கள், பெயரும் ஊரும் இல்லாமல், அவள் சம்மதத்தோடு. யார் அட்வான்ஸ் கொடுத்தான், யார் கையில் கொடுத்தான், என்ன வேலை என்று சொன்னான். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995 முதல் இருக்கிறது. மரம் எந்தத் துறைமுகம் வழியாகப் போனது, யார் வாங்கினார் என்பதற்கு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். முதல் மரத்தை வெட்டுவதற்கு முன்பு எந்த வீட்டுத் திண்ணையில் கடன் பிறந்தது என்று எழுத ஆள் குறைவு.

குவைத் கத்தாமா

நான் ராயசோட்டியில் வாக்கப்பட்டவள். பிறந்த ஊர் குடியாத்தம். தட்டச்சு செய்வது என் மகள், சொல்வது நான்.

வீட்டுவேலைக்குக் குவைத் போகும்போது எனக்கு இருபத்தேழு வயது. முப்பது ஆகாத பெண்ணுக்கு அந்த வேலைக்கு அரசு அனுமதி கொடுக்காது. பெண்களைக் காப்பதற்காகப் போட்ட விதி என்று பிறகு சொன்னார்கள். அந்த விதியால் என் வீட்டில் கடன் குறையவில்லை. ஏஜெண்டு, "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றான். அப்படிப் போனதால் என் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதினோரு மாதம் சம்பளம் வரவில்லை. தூதரகத்துக்குப் போனால் திருட்டுத்தனமாக வந்தவள் என்று சொல்வார்களோ என்று பயந்தே பாதி நாளைக் கழித்தேன். சட்டப்படி ஏஜெண்டு முப்பதாயிரமும் அதற்கான வரியும்தான் வாங்க முடியும் என்று திரும்பி வந்த பிறகு தெரிந்தது. நான் கொடுத்தது அதைப் போல மூன்று மடங்கு.

நகரித் தங்கச்சி, நீ பெரிய இடத்துக்குப் போனால் இதைச் சொல். வாசலை அடைத்தால் நாங்கள் போகாமல் இருக்கமாட்டோம். கொல்லைப்புறம் வழியாகப் போவோம், அங்கே எங்களைப் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

சத்தியவேடு

அம்மா, உங்கள் கதையைப் படித்த பிறகு முதலில் எழுதியதை நினைத்து வெட்கமாக இருக்கிறது. ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். என் சித்தி மகன் டிப்ளமோ முடித்தவன். கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஒரு ஏஜெண்டு அழைத்துப் போனான். அங்கே மதில் சுவருக்குள் வைத்துக்கொண்டு, பெண் பெயரில் கணக்குத் திறந்து மற்றவர்களை ஏமாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மறுத்தால் அடி. திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரில் "ஆம்பிளை, தப்பித்து வரத் தெரியாதா" என்று கேட்டார்கள். போலீசுக்குப் போகச் சொன்னால், நானும் குற்றம் செய்தவன்தானே என்கிறான். வாயைத் திறப்பதே இல்லை.

தானூபுக் கரை

அண்ணா, அவர் குற்றவாளி இல்லை. கட்டாயப்படுத்திச் செய்ய வைத்த குற்றத்துக்காகக் கடத்தப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் ஏற்கப்பட்ட கொள்கை. 2022-இல் உலகில் கண்டறியப்பட்ட ஆள்கடத்தல் பாதிப்பாளர்களில் 61 விழுக்காடு பெண்களும் சிறுமிகளும். மீதியில் உங்கள் தம்பியைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். "ஆம்பிளைதானே" என்று ஊர் கேட்டதும் பாலினம்தான். அவர் வாயை அடைத்தது அந்தக் கேள்வி. ஒரு வழக்கறிஞரோடு போய்ப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், பயண விவரம், பேசிய செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம்.

கோர்ட்டு வராண்டா

சத்தியவேடு தம்பி, சித்தூருக்கு அழைத்து வா. கட்டணம் வேண்டாம்.

நகரி மலைக்காரி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

சீனியர் அனுபவச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டார். முதுகலைக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன், இப்போதைக்கு வராண்டாவை விட மனமில்லை. கட்சிக்காரரிடம் முதல் நாள் நிரப்பும் தாளில் தமிழில் நான்கு வரி சேர்த்தோம். அட்வான்ஸ் யார் கையில் கொடுக்கப்பட்டது, என்ன வேலை என்று சொன்னார்கள், இப்போது வீட்டுக்கு யார் வந்து கேட்கிறார்கள், பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள். முதலில் நிரப்பியது திண்ணையைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண்தான். கணவரின் ஜாமீன் மனுவில் மோதிராம் தீர்ப்பைச் சேர்த்தோம். மலையில் இருக்கும் அவருடைய மாமனாரையே ஜாமீன்தாரராக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மேஸ்திரியைப் பற்றித் தனி மனு அவள் பெயரில் போயிருக்கிறது. கையெழுத்துப் போடும்போது, "இதில் என் பெயர்தானே முதலில் வரும்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இன்னும் பதினான்கு வீடுகளில் இதே நிலை என்கிறாள். ஆசிரியர் ஐயா, மலைக்கு வந்து அவர்களைப் பார்க்க முடியுமா?

ஜவ்வாது தேன்

ஞாயிற்றுக்கிழமை வா அம்மா. வேலூரில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போளூரில் இறங்கினால், ஜமுனாமரத்தூர் வண்டி கிடைக்கும். பள்ளிக்கூட வகுப்பறையைத் திறந்து வைக்கிறேன். ஆண்கள் வந்தால் பெண்கள் பேசமாட்டார்கள், அவர்களை நான் வெளியே டீக்கடையில் உட்கார வைத்துக்கொள்கிறேன். அந்தத் தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்து வா, பாதிப் பேருக்குக் கண் சரியாகத் தெரியாது.

பழைய காக்கி

நானும் வருகிறேன். வேலூர் பஸ் நிலையத்தில் காலை ஐந்தரைக்கு நிற்பேன்.